வாளியில் தண்ணீர் குறையவில்லை

முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, செவ்வாய்க்கிழமையானால் பொய்கை சந்தை என்று மாட்டோடும் ஆட்டோடுமே காலம் போனது. குதிரைக்கு ஊசி போட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஊரில் மாட்டு டாக்டர் என்று பேர் வாங்கிவிட்டால், யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

பக்கத்து நிலத்துத் தம்பி, கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி விடுபவன். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பெண்குதிரை வாங்கினான். வெள்ளை நிறம், கத்தியவார் இனம். காதுகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொடும். ராத்திரி முழுக்க பிக்கப் வண்டியில் நின்றபடியே சேலம், கிருஷ்ணகிரி தாண்டி வந்து, விடியற்காலை வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊரில் இறங்கியது.

இறங்கியதும் ஒரே கூட்டம். திருஷ்டி கழிக்கிறேன் என்று யாரோ அதன் காலடியிலேயே பூசணிக்காயைப் போட்டு உடைத்தார்கள். நான் அங்கேதான் நின்றேன், தடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் கயிற்றை இழுத்துக்கொண்டு சுழன்றது, கண்ணில் வெள்ளை தெரிய. தட்டிக் கொடுத்தால் அடங்கும் என்று நேராக நெற்றிக்குக் கையை நீட்டினேன். மாடு என்றால் தலையைக் கொடுத்திருக்கும். குதிரைக்குக் கண் பக்கவாட்டில். ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. படித்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. தலையைத் தூக்கிய வேகத்தில் என் தாடையில் இடித்தது. கீழ்ப்பல் ஒன்று இன்னும் ஆடுகிறது.

எங்கள் பக்கத்தில் குதிரை என்றாலே தேசிங்கு ராஜாதான். 1714இல் ஆற்காட்டு நவாப்போடு மோதி மாண்டவர். அவர் மனைவி உடன்கட்டை ஏறியதால்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பேர் என்பார்கள். யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையை அவர் அடக்கிய கதையைக் கேட்டே வளர்ந்த ஊர். அதனால் வந்தவர்களெல்லாம் “ஏறி உட்காரு, தானா அடங்கும்” என்றுதான் யோசனை சொன்னார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் தனியாகக் கட்டச் சொன்னேன்.

மத்தியானம் வாளியைப் பார்த்தேன். காலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது. சாயங்காலமும் அப்படியே. துள்ளுவதும் கனைப்பதும் போகப்போகச் சரியாகிவிடும். எனக்குக் கவலையைக் கொடுத்தது அந்த வாளிதான். நாளைக்கு இருபத்தைந்து, முப்பது லிட்டர் குடிக்கிற ஜீவன் குடிக்காமல் இருந்தால் சாணி இறுகிக் குடல் அடைத்துக்கொள்ளும். குதிரைக்கு வாந்தியும் வராது. வயிற்று வலி வந்தால் ஒரே ராத்திரியில் ஆளையே காலி பண்ணிவிடும். ஈறை விரலால் அழுத்தி விட்டேன், இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். கொஞ்சம் தாமதித்தது. சாணி உருண்டையும் சின்னதாக, காய்ந்து கிடந்தது.

விற்றவருக்குப் போன் போட்டோம். பவானிப் பக்கத்து ஆள். “எங்க ஊர்ல வாய்க்கால் தண்ணிங்க” என்றார். அப்போதுதான் உறைத்தது. எங்கள் போர் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும், அவ்வளவு உப்பு. மனுஷனே முகம் சுளிக்கிற தண்ணீரை, பயந்துபோய் நிற்கிற குதிரை எப்படித் தொடும்? மேலத்தெருக்காரர் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். இரண்டு குடம் கொண்டுவந்து, ஒரு கைப்பிடி வெல்லம் கரைத்து வைத்துவிட்டு, இருபது அடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

இருட்டிய பிறகுதான் சத்தம் வந்தது. மெதுவாகத் திரும்பினேன். ஒவ்வொரு மடக்குக்கும் அந்த வளைந்த காதுகள் ஒரு தரம் முன்னும் பின்னும் அசைந்தன. இருபத்தொன்று வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் முழுக்க கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போர் தண்ணீரைக் கலந்தோம். கொள்ளும் தவிடும் அதே கணக்குத்தான்: அங்கிருந்து வந்த மூட்டையோடு நம்முடையதைக் கலந்து, முழுதாக மாற்றப் பத்து நாள்.

துணைக்கு ஒரு வெள்ளாட்டைக் கட்டினோம். அது குதிரையின் புல்லைத் தின்றதுதான் மிச்சம். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கிழட்டு எருமையோடுதான் இதற்கு ஒட்டிக்கொண்டது. இரண்டும் வேலியை ஒட்டி நாளெல்லாம் நின்றன.

பத்தோ பதினொன்றோ நாள் இருக்கும். விடியற்காலை நாலரைக்குத் தம்பி போனில் அலறினான். “சார், குதிரை படுத்துக்கினு கீது சார்! நின்னுக்கினேதான் இருக்கும், இன்னிக்கி எழுந்திருக்கவே மாட்டேங்குது!” டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேலியோரம் கால்களை நீட்டி, கழுத்தைத் தரையில் சாய்த்துக் கிடந்தது. வயிறு சீராக ஏறி இறங்கியது. உதடு மட்டும் லேசாகத் துடித்தது.

“எழுப்பட்டா சார்?” என்றான்.

“வேணாம்டா, தூங்குது” என்று டார்ச்சை அணைத்தேன்.