குதிரைக்கு மருந்து வாங்குவது

குதிரை வாங்கும்போது கொள்ளுக்கும் லாடத்துக்கும் கணக்குப் போடுகிறோம்; மருந்துக்கு யாரும் போடுவதில்லை. அந்தியூர் சந்தையில் புதிதாகக் குதிரை பிடிக்கும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான்.

எங்கள் பக்கத்தில் மாட்டு மருந்து எங்கும் கிடைக்கும். குதிரை மருந்து என்றால் சொல்லிவைத்து, கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

குடற்புழுவுக்கான ஐவர்மெக்டின் பசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் சுமார் 600 கிலோ குதிரைக்கானது. நம் நாட்டுக் குதிரை அவ்வளவு எங்கே இருக்கிறது? டேப் எடுத்து நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டம் வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளப்பேன். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வந்துவிடும். 150 சுற்றளவு, 130 நீளம் என்றால் ஏறக்குறைய 246 கிலோ. குழாயின் தள்ளுதண்டில் எடைக்கோடுகள் இருக்கும்; அதிலுள்ள வளையத்தை இந்த எடைக்கு அடுத்த மேல் கோட்டில் நிறுத்தினால் ஒரே குழாய் இரண்டு குதிரைக்கு வரும். கண் மதிப்பில் குறைத்துவிடக் கூடாது. புழு மருந்துக்குப் பழகிவிடும். மாட்டு ஊசியைப் போட்டு மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. குத்திய இடம் சீழ் பிடித்தால் அந்தச் செலவு யாருடையது?

லத்தியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அதில் புழு முட்டை எண்ணிக்கை பார்த்துவிட்டுத்தான் இப்போது வாங்குகிறேன். சில முறை மருந்தே தேவைப்படாது.

வயிற்று வலிக்கு மட்டும் சிக்கனம் கிடையாது. விலாவைத் திரும்பிப் பார்த்துத் தரையைச் சுரண்டினால், நடுராத்திரியானாலும் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன். அதில் வலியைக் குறைக்கும் ஃப்ளூனிக்சின் ஊசியைவிட அவர் வந்துபோகிற கார் வாடகைதான் அதிகம்.