கோடி கூடியது, டன் குறைந்தது

2025 ஆடியில் ஒரு நாள் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன். "அக்கா, டர்னோவர் பத்து கோடியைத் தாண்டிருச்சு, ஸ்வீட் எப்போ?" என்று அங்கே வேலை பார்க்கும் பையன் கேட்டான். 2023-24இல் 9.1 கோடி, 2024-25இல் 10.1 கோடி. முதல் முறையாக இரண்டு இலக்கக் கோடி. ஸ்வீட் வாங்கத்தான் செய்தேன், கால் கிலோ மைசூர்பாகு. வாங்கி வந்து மாமாவிடம் (மாமனார்) நீட்டினால், வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தன டன் ஆட்டுனோம் அம்மணி?"

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு: நாங்கள் காங்கேயத்துக்காரர்கள். களம், எண்ணெய் மில், அரிசி மில் மூன்றும் ஒரே பார்ட்னர்ஷிப். இவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு புண்ணாக்கு, தவிடு, உமி, தொட்டி (தேங்காய்ச் சிரட்டை) வியாபாரம். எங்கள் ஊரில் 'பருப்பு' என்றால் துவரம்பருப்பு இல்லை, தேங்காய்ப் பருப்பு. வெளியூர்க்காரர்கள் கொப்பரை என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் "களத்துல பருப்பு காயுது, மழை வந்தா சொல்லு" என்று அத்தை சொன்னதும் முறத்தைத் தேடிய ஆள் நான். பி.காம். படித்த மருமகள் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது. பதினெட்டு வருசமாக அங்கேயே இருக்கிறது.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். 2023-24இல் 520 டன் கொப்பரை ஆட்டினோம். 2024-25இல் 410 டன். ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் எண்ணெய் விற்ற பணம் 4.2 கோடியிலிருந்து 4.95 கோடி ஆகியிருக்கிறது. மில் குறைவாக ஓடியது, ஆட்களுக்கு வேலை நாள் குறைந்தது, காகிதத்தில் மட்டும் வளர்ந்திருக்கிறோம்.

காரணம் விலைதான். 2024 ஏப்ரலில் கொப்பரை கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அந்த வருசம் அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு (100 கிலோ) 11,160. வெளியில் அந்த விலை கிடைக்காமல் விவசாயிகள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சிட்டாவோடு வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். அதே சரக்கு 2025 மார்ச்சில் 160ஐத் தொட்டது. 2025 ஆடியில் இருநூறுக்கு மேல் போய்விட்டது. 2025க்கு ஆதார விலையை 11,582 ஆக்கினார்கள். அதை அப்போது யார் திரும்பிப் பார்த்தார்கள்?

ஏன் ஏறியது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். தோப்புக்காரர்களிடம் கேட்டால் வெள்ளை ஈ, பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோய், 2024 கோடையின் பேய் வெயிலில் கொட்டிப்போன குரும்பை. பிஞ்சு விழுந்தால் அதன் அடி ஒரு வருசம் கழித்துத்தான் களத்துக்கு வந்து சேரும். போதாததற்கு அந்தக் கோடையில் இளநீர் விற்ற விலைக்கு, காய் முற்றும்வரை மரத்தில் விட்டுவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் எங்கள் மில் அடி வாங்கியது வேறு ஒரு விஷயத்தில். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓணத்துக்கு முன்னால் கேரளாவுக்கு எண்ணெய் இழுக்கும், ஓணம் முடிந்தால் விலை இறங்கும். இது களத்துச் சாஸ்திரம். 2024இல் திருவோணம் செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, பாக்கெட் போட்டு விற்கும் ஒரு பார்ட்டி 20 டன் எண்ணெய்க்கு விலை பேசினார்கள். மூன்று வாரத்தில் டெலிவரி. கையில் இருந்த பருப்பு 10 டன். 20 டன் எண்ணெய்க்கு வேண்டியது 32 டன். மீதி 22 டன்னை ஓணம் கழித்து இறங்கிய விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் அன்றைய விலைக்கே தலையாட்டிவிட்டார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸாப்பில் வந்தது செய்தி. பாமாயில், சோயா, சூரியகாந்தி கச்சா எண்ணெய்க்கு இறக்குமதி வரி, செஸ் எல்லாம் சேர்த்து 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதம். சனிக்கிழமையே அமல். பாமாயிலுக்கு வரி போட்டால் தேங்காய்க்கு என்ன வந்தது என்று தோன்றலாம். விலை குறைந்த எண்ணெய் மேலே போனால், அதற்கு மேல் இருக்கிற எண்ணெயெல்லாம் ஒரு படி ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஓணமும் முடிந்தது. விலை இறங்கவில்லை. நாங்கள் அந்த 22 டன்னை வாங்கி முடிப்பதற்குள் கிலோவுக்குச் சராசரி 12 ரூபாய் கூடியிருந்தது. 2 லட்சத்து 64 ஆயிரம் அவுட்.

வீட்டுக்காரர் அந்தப் பார்ட்டியிடம் விலையைத் திருத்திக் கேட்கலாமா என்று யோசித்தார். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இறங்கியிருந்தா நீ திருப்பிக் கொடுத்திருப்பியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. டின் டின்னாக அனுப்பினோம். அந்தப் பார்ட்டி பணத்தை 45 நாளில் தர வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவே வந்துவிட்டது, சிறு உற்பத்தியாளருக்குத் தாமதித்தால் அந்தச் செலவை அந்த வருசத்தில் கழிக்க முடியாது. எங்களுக்கு வந்து சேர 71 நாள் ஆனது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் வராது. இது ஆடிட்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பார்ட்டிக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

நூறு கிலோ பருப்பை எக்ஸ்பெல்லரில் (எண்ணெய் பிழியும் மெஷின்) போட்டால் 62 கிலோ எண்ணெய், 34 கிலோ புண்ணாக்கு, மீதி ஈரமும் தூசியும். இந்த 62ஐ யாராலும் 70 ஆக்க முடியாது. ஆனால் 60 ஆக்கிவிட முடியும். ஈரப்பதம் ஏறின பருப்பை ஏமாந்து வாங்கினால் போதும். விலை ஏறும் காலத்தில் சரக்கு வந்தால் போதும் என்று எல்லோரும் அவசரப்படுவதால் காயாத பருப்பும் லோடு ஏறும். ஈரம் காட்டும் மீட்டரைக் குத்திப் பார்ப்பேன் நான். மாமா ஒரு கீற்றை எடுத்து ஒடிப்பார். காய்ந்தது 'படக்'கென்று உடையும், காயாதது வளைந்து கொடுத்து நடுவில் வெள்ளையாக நாரோடும். டிசம்பர் முதல் வாரம் வெயிலே இல்லாமல் இருந்த நாட்களில் அவர் ஒடித்த கீற்றெல்லாம் வளைந்தது. கந்தகப் புகை போட்டால் பூஞ்சை பிடிக்காது, பார்க்கவும் வெள்ளையாக இருக்கும், நிறையப் பேர் செய்கிறார்கள். சாப்பிடுகிற எண்ணெய்க்கு அந்தப் பருப்பை நாங்கள் எடுப்பதில்லை. நல்லவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒருமுறை ஒரு லோடு எடுத்து, எண்ணெயில் வாடை நின்று, 15 கிலோ டின் நாற்பதைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

அரிசி மில்லைப் பற்றி எழுத அதிகமில்லை. விற்பனை சுமார் 4 கோடி, முந்தின வருசமும் ஏறக்குறைய அதுதான். புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்குப் போட்டிருந்த வரியை 2024 அக்டோபரில் நீக்கியபோது ஒரு மாதம் நெல் விலை துள்ளியது, அப்புறம் அடங்கியது. சிப்பம் இன்னும் 26 கிலோதான். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் லேபிள் போட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் தமிழ்நாடு முழுக்க மூட்டைக்கு ஒரு கிலோ கூடிப்போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். எந்த வீட்டுச் சமையலறையில் 26 கிலோவுக்குக் கணக்கு இருக்கிறது? தவிடுதான் ஏமாற்றியது. எண்ணெய் எடுத்த தவிட்டை ஏற்றுமதி செய்ய 2023 ஜூலையில் போட்ட தடை 2024-25 முழுக்க நீடித்ததால், தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிற சால்வென்ட் பிளாண்ட்காரர்கள் எங்கள் பச்சைத் தவிட்டுக்கு விலையைக் குறைத்துக் கேட்டார்கள். தவிட்டை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. ஒரு நாள் தாண்டினால் அமிலம் ஏறிவிடும், சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஈடு கட்டியது யார் தெரியுமா? தொட்டி. சிரட்டை, கொட்டாங்குச்சி, உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்களோ அது. கரி சுடுகிறவர்களும் ஆக்டிவேட்டட் கார்பன் தொழிற்சாலைக்காரர்களும் போட்டி போட்டுக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் களத்தாட்கள் அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போன சமாச்சாரம். இப்போது எடை போட்டு, ரசீது போட்டு, பூட்டி வைக்கிறோம். இந்தப் பூட்டு விஷயத்தில் களத்துப் பெண்களுக்கு என் மேல் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம்தான். தீபாவளிக்கு ஆளுக்கு இரண்டு மூட்டை தொட்டி தனியாகக் கொடுத்தேன்.

சில்லறை பாட்டிலிலும் ஒரு நல்ல விஷயம் நடந்தது. 200 மில்லி பாட்டிலில் அடைத்தால் அது தலைக்கா சமையலுக்கா என்று வருசக்கணக்காக வழக்கு. சமையல் எண்ணெய் என்றால் 5 சதவீத வரி, தலை எண்ணெய் என்றால் அப்போது 18. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சின்ன பாட்டில் என்பதற்காக மட்டுமே அதைத் தலை எண்ணெய் ஆக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆனால் பாட்டில் வியாபாரமே படுத்துவிட்டதே. ஒரே வருசத்தில் ஐந்து முறை விலை ஸ்டிக்கர் மாற்றினோம். லிட்டர் வாங்கியவர்கள் அரை லிட்டருக்கு வந்தார்கள், சமையலுக்கு வாங்கியவர்கள் தலைக்கு மட்டும் என்று ஆனார்கள். ஒரு தரகர் வந்து, கொஞ்சம் பாமாயில் கலந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். மார்கழி காலையில் பாட்டில் உறைவதைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரியும் என்றேன். மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஆக, லாபம். பார்ட்னர் சம்பளத்துக்கு முன்னால் முந்தின வருசம் 31 லட்சம், இந்த வருசம் 23 லட்சம். விற்பனையில் 3.4 சதவீதமாக இருந்தது 2.3க்கு இறங்கியிருக்கிறது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறிய கரண்ட் கட்டணமும், கடன் வட்டியும் இதில் அடக்கம். இந்த 23ஐ என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. மார்ச் 31 அன்று குடோனில் 38 டன் பருப்பு இருந்தது, வாங்கிய சராசரி விலை 142, அன்றைய மார்க்கெட் 160. நான் 142க்குத்தான் எழுதுவேன், கணக்கு முறை அப்படி. "160க்குப் போடு, ஏழு லட்சம் லாபம் சேரும்" என்பது அவர் வாதம். ராத்திரி சாப்பாட்டில் தொடங்கி மறுநாள் காபி வரை ஓடியது.

மாமாவின் பாக்கெட் நோட்டில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அவருடைய வருசம் சித்திரை ஒன்றில் தொடங்கும், மஞ்சள் தடவிய நோட்டு, ரூபாயே இல்லாத கணக்கு. வரவு இத்தனை டன், ஆட்டியது இத்தனை, இருப்பு இத்தனை. போன சித்திரையில் இருப்பு 64, இந்தச் சித்திரையில் 38. "அந்த முப்பத்தெட்ட வித்துட்டு மறுபடியும் முப்பத்தெட்டு வாங்க முடியுமா உன்னால?" என்று மகனைக் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. முடியாது என்பது அவருக்கும் தெரியும். பேங்க் சி.சி. லிமிட்டில் (சரக்கின் மேல் எடுக்கும் கடனின் வரம்பு) கொப்பரைக்கு நாங்கள் ஒதுக்குவது 60 லட்சம். தொண்ணூறு ரூபாய் விலையில் அதற்கு 66 டன் வரும். 160 ரூபாயில் 37 டன்தான். இருநூறில் 30. அதே பணம், அதே வட்டி, மில்லின் வயிறு மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. லிமிட்டைக் கூட்டக் கேட்டால் லாபம் குறைந்திருக்கிறதே என்கிறார்கள்.

2025 மே 30ஆம் தேதி அந்தக் கச்சா சமையல் எண்ணெய்கள் மீதான அடிப்படை இறக்குமதி வரியை (செஸ் சேராமல்) 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். ஏறும்போது ஒரு ராத்திரியில் ஏறிய பருப்பு, இறங்கும் வரியைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்புறம் இன்னும் ஏறியது.

ஏப்ரலில் பேங்கிலிருந்து ஸ்டாக் பார்க்க ஒரு புது ஆபீசர் வந்தார், சின்னப் பையன். போன வருச ஸ்டேட்மென்ட்டில் கொப்பரை இருப்பு 57 லட்சத்து 60 ஆயிரம், இந்த வருசம் 53 லட்சத்து 96 ஆயிரம். பெரிய வித்தியாசமில்லை என்று தலையாட்டிக்கொண்டே குடோனுக்குள் வந்தவர், பாதி வெறுந்தரையாகக் கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். மூட்டைகளை இரண்டு முறை எண்ணினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயக்கத்தோடு, "மேடம், இன்னொரு குடோன் எங்க இருக்கு?" என்று கேட்டார்.