கூசி கோட்டைக்குக் கிளம்பும் முன் கொடிவழியை எழுதிக்கொள்ளுங்கள்

வட பிரான்சில் கூசி கோட்டையைப் பார்த்து வந்த சூட்டோடு எழுதுகிறேன். இடிந்த கோட்டைகளில் இதற்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன்.

பாரிஸின் வடக்கு நிலையத்திலிருந்து பக்கத்து நகரமான லான் வரை ரயில், பிரச்சினை இல்லை. மீதி முப்பது கிலோமீட்டர்தான் பர்ஸைக் கடிக்கும். பஸ் அரிது. டாக்சி உங்களை இறக்கிவிட்டு காலியாகத் திரும்புவதால், மீட்டரில் அதற்கான கூடுதல் கட்டண விகிதம்தான் ஓடும். ஏமாற்று அல்ல, பிரான்சின் சட்டப்படியான கட்டணமே அது. மூன்று பேர் இருந்தால் வாடகைக் கார் லாபம்.

கோட்டையைவிடக் குழப்புவது அதை ஆண்ட குடும்பம். அங்கெரான் என்ற பெயரில் ஏழு பேர்! ஆங்கில ஆவணங்களில் அதே பெயர் 'இங்கல்ராம்' என்று வரும், வேறு ஆள் என நினைத்துவிடாதீர்கள். கட்டியவர் மூன்றாமவர். அவர் எழுப்பிய பெருங்கோபுரம் சுமார் 54 மீட்டர் உயரம், 31 மீட்டர் விட்டம். 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படை 28 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. இப்போது கற்குவியல்தான். பார்க்கவே வயிறு எரிகிறது.

நேர்வழி என்று கோடு போட்டால் தப்பு இங்கேதான் வரும்: நான்காமவர் 1311இல் வாரிசில்லாமல் இறந்தார். ஐந்தாமவர் மகன் அல்ல, சகோதரி மகன், கீன் குடும்பத்தவர். பெண்வழியில் வந்த அவருக்கும் அதே பெயர், அதே பட்டம். ஆறாமவரின் மனைவி ஆஸ்திரிய கோமகன் லியோபோல்டின் மகள் கேத்தரின். அந்தத் தாய்வழிப் பங்கைக் கேட்டுத்தான் ஏழாமவர் 1375இல் கூலிப்படையோடு, ஆஸ்திரியக் குடும்பத்துக்கு நிலங்கள் இருந்த சுவிஸ் பகுதிக்குள் நுழைந்தார்.

ஏழாமவரின் மனைவியரில் கவனம் தேவை, இருவருமே இசபெல். முதல் மனைவி இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மகள், 1365இல் திருமணம். பிரெஞ்சு அரசருக்கான பிணையாக லண்டன் போன ஏழாமவர் எட்வர்டின் மருமகனாகிவிட்டார்! மூத்த மகள் மரீ பிரான்சில் பார் குடும்பத்துக்கும், இளையவள் பிலிப்பா இங்கிலாந்தின் டி வியர் குடும்பத்துக்கும் போனார்கள். இரண்டாம் மனைவி லொரேன் கோமகனின் மகள்.

துருக்கியருக்கு எதிரான நிக்கோபோலிஸ் போரில் சிறைப்பட்ட ஏழாமவர் 1397இல் துருக்கியின் பூர்சாவில் இறந்தார். முறைப்படி பிறந்த மகன் இல்லை. 1400இல் மரீ ஆர்லியான் கோமகன் லூயிக்குக் கூசியை விற்றார்.

18 வயதுக்குக் கீழானவர்களுக்குக் கோட்டையில் கட்டணமில்லை. மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். கூசி ஊர் மதிலில் உள்ள 'லான் வாயில்' என்ற நுழைவாயிலின் இரட்டைக் கோபுரங்களைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.