நீச்சலில் முட்டியை மடக்கி உதைத்தால் வேகம் வராது

ஆற்றிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகிய டெல்டாக்காரர்களுக்குத் தலையைத் தூக்கியே நீந்தும் பழக்கம் உண்டு. தலை ஏறினால் இடுப்பு இறங்கும். உதைக்கிற பலத்தில் பாதி மிதப்பதற்கே போய்விடும். முகத்தை உள்ளே வைத்து அடித்தரையைப் பாருங்கள்.

அடுத்த தவறு, கால்களை மாற்றி மாற்றி உதைக்கும்போது சைக்கிள் மிதிப்பதுபோல் முட்டியை மடக்குவது. தொடை தண்ணீரை முன்னால் தள்ளும். அது பிரேக் போட்ட மாதிரி. உதை இடுப்பிலிருந்து கிளம்ப வேண்டும். முட்டி லேசாக வளைந்து, பாதம் சாட்டை நுனிபோல் கடைசியில் சொடுக்கட்டும். பாதங்களுக்கு நடுவே ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி இடைவெளி போதும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கணுக்கால் இறுக்கம்தான் பெரும்பாடு. மண்டியிட்டு, பாதத்தைப் பின்னால் நீட்டி, குதிகால்மேல் உட்காருங்கள்: 30 விநாடி, தினமும் 3 முறை. முட்டிவலி இருந்தால் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கையால் பாதத்தை நீட்டிவிடலாம். நீந்தும்போது விரலை வலிந்து நீட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

நீச்சல் குளத்தில் 25 மீட்டர், 8 தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 விநாடி ஓய்வு. பாதித் தடவை மல்லாந்து உதையுங்கள். முட்டி தண்ணீருக்கு மேலே தெரிந்தால் இன்னும் மடக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

மேட்டூர் திறந்து காவிரியில் ஓட்டம் இருக்கும்போது இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். சுழல் ஆபத்து, வேகம் உங்களுடையதா ஆற்றுடையதா என்பதும் தெரியாது.