தலைக்காயக் கேள்விகள்: மூளைப் பகுதிகளைப் படிக்க ஒரு வழி

மூளையின் முன்பகுதியான ஃபிரான்டல் லோப் என்றால் குணம், காதோரப் பகுதியான டெம்போரல் என்றால் நினைவு, பின்பகுதியான ஆக்ஸிபிட்டல் என்றால் பார்வை என்று அட்டவணையை மட்டும் உருப்போட்டு மருத்துவத் தேர்வுக்குப் போகிறவர்களைக் கவிழ்க்கும் கேள்வி இது: மல்லாந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டவருக்கு மூளையில் எங்கே சேதம் அதிகம் இருக்கும்?

பெரும்பாலும் முன்பக்கம்தான். மோதிய வேகத்தில் மூளை உள்ளே நகர்கிறது. மண்டையோட்டின் அடித்தளம் முன்புறம் கரடுமுரடானது. ஃபிரான்டல் லோபின் அடிப்பகுதியும் டெம்போரல் லோபின் முனையும் அங்கே, கண்குழிக்குப் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு எலும்பின் விளிம்பில் உரசிக் கன்றிப்போகின்றன. மோப்ப நரம்பின் மெல்லிய இழைகளும் அறுந்து வாசனை தெரியாமல் போகலாம். அதனால் முதலில் மண்டையோட்டு அடித்தளத்தை ஒரு தாளில் வரைந்து பழகுங்கள். அடி எங்கே, மூளை எந்தப் பக்கம் நகரும், எந்த எலும்பில் உரசும் என்று வரிசையாகக் கேட்டால் அறிகுறி தானாக வந்துவிடும்.

சி.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நோயாளி கோமாவில் இருக்கிறார் என்று கேட்டால் நரம்புச் செல்களின் நீண்ட இழைகளான ஆக்ஸான்கள் பரவலாக அறுந்த காயத்தை நினையுங்கள். தலை சட்டென்று சுழலும்போது நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல் பொருளும் இழைகள் நிறைந்த வெண்பொருளும் சேரும் எல்லை, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம், மூளைத்தண்டு ஆகியவை இழுபடுகின்றன.

சுயநினைவை அளக்கும் ஜி.சி.எஸ். (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) அளவுகோலில் அதிகபட்ச மதிப்பெண் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான காயம். பலர் குழம்புவது அசைவில்தான். கண்குழியின் மேல் விளிம்பை அழுத்தும்போது கை காறையெலும்பைத் தாண்டி மேலே வந்தால் 5. முழங்கை சட்டென மடங்கி, கை உடலைவிட்டு விலகினால் 4. மெதுவாக மடங்கி, மார்புக்குக் குறுக்கே வந்து, முன்கை உட்புறம் திரும்பினால் 3. மடங்காமல் விறைத்து நீண்டால் 2. மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள், மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

ஒரு பக்கக் கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காவிட்டால், டெம்போரல் லோபின் உள்விளிம்பு பிதுங்கி, கண்மணியைச் சுருக்கும் மூன்றாம் நரம்பை அழுத்துகிறது என்று முதலில் சந்தேகியுங்கள். பாதிப்பு பெரும்பாலும் அதே பக்கம்; கைகால் பலவீனம் எதிர்ப்பக்கம். இது அவசரநிலை.

ஜி.சி.எஸ். 15 ஆனதும் பதிலை முடித்துவிடுவது பெரிய குறை. குணம், முடிவெடுப்பது போன்ற ஃபிரான்டல் லோபின் வேலைகளை அந்த அளவுகோல் அளப்பதே இல்லை. கேஸ் ஷீட்டில் வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள்: முன்னைவிடக் கோபம் வருகிறதா, தொடங்கிய வேலையை முடிக்கிறாரா, பணத்தைச் சரியாகக் கையாள்கிறாரா, குழம்பு வாசனை தெரிகிறதா.