புதருக்குள் ஒரு மான்

வனக்காப்பாளர் வேலையில் மானைப் பார்ப்பதைவிட மான் போட்ட புழுக்கையைப் பார்ப்பதுதான் அதிகம். அஞ்செட்டிக் காட்டில் கணக்கெடுப்புக்குப் போனால் கண் தரையிலேயே இருக்கும். கருத்து, மினுமினுப்பாக ஈரத்தோடு கிடந்தால் நேற்றிரவு போட்டது. வெளுத்துப்போய், விரலால் நசுக்கினால் பொடியாகி உள்ளே புல்நார் தெரிந்தால் பழையது.

இந்தோனேசியாவின் பாவேயான் தீவு மானைப் பற்றிப் படித்தபோது என்னை ஈர்த்ததும் இதுதான். 1970களில் அங்கே ஆய்வு செய்தவர்களும் புழுக்கையைத்தான் எண்ணினார்கள். வேறு வழியில்லை. பகலெல்லாம் புதருக்குள் படுத்துக்கொண்டு இரவில் மேயும் மான் அது. பெரும்பாலும் தனியாகவே திரியும். ஒரு காலத்தில் நம் புள்ளிமானோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள்; ஆனால் வளர்ந்த மானுக்குப் புள்ளியே கிடையாது. ஜாவாக் கடலில் சுமார் 200 சதுர கிலோமீட்டர் தீவு. உலகில் வேறெந்தக் காட்டிலும் இயற்கையாக இது இல்லை. 2014இல் தானியங்கிக் கேமராக்கள் வைத்துப் போட்ட கணக்கு: 227 முதல் 416 வரை. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டிச் சின்னங்களில் இந்த மானும் ஒன்று.

அங்கே இயற்கைக் காட்டை அழித்துத் தேக்கு நட்டார்கள். அடியில் புதர் வளர்ந்த தேக்குக்காட்டில் மான் தங்கியது; அடி வெறுமையான இடத்தில் பகலில் ஒதுங்க மறைவில்லை. துப்புரவாக இருக்கும் காட்டைக் கண்டு பூரிக்கும் அதிகாரிகளுக்கு இதைச் சொல்ல ஆசை. அதற்காகப் புதரெல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் உன்னிச்செடி மண்டிய இடத்தில் புல் செத்துவிடுகிறது. புள்ளிமான் அங்கே மேய வருவதில்லை.

கோடையில் ஓடைகள் வற்றினால் எங்கள் மான்கள் காவிரிக் கரைக்கு இறங்கிவிடும். தீவு மானுக்கு நாலு பக்கமும் கடல். அங்கே புலியோ சிறுத்தையோ கிடையாது. மனிதருக்கு அடுத்தபடியாக அதை விரட்டுவது நாய்கள்தான். இங்கேயும் காட்டோரத்து ஊர் நாய்கள் கூட்டமாகச் சேர்ந்தால் மான்குட்டி தப்பாது. ராத்திரியில் கட்டிப்போடுங்கள் என்று ஊருக்குள் போய்ச் சொன்னோம். "ராகிக் கொல்லையில் பன்றி இறங்கினால் நீங்கள் வந்து காவல் இருப்பீர்களா சார்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாயை அவர் இன்னும் கட்டவில்லை.