வனப்பணி மெயின்ஸ்: முள்காட்டை நாலு வரியில் முடிக்காதீர்கள்

இந்திய வனப்பணித் தேர்வில் தேறியவர்கள் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வனவியலும் தாவரவியலும் என் விருப்பப் பாடங்கள். இந்தியக் காடுகளை வகை பிரிக்கும் சாம்பியன்–சேத் வகைப்பாட்டை எல்லோரும்தான் உருப்போடுகிறோம். சோலைக்காடு என்றால் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், ஆறாவது தொகுப்பான முள்காட்டுக்கு நாலு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கரையேற்றியது அந்த ஆறாவது தொகுப்பு. அதிலும் 6ஏ/சி2 என்று குறியிட்ட வகை, நம் தென்மாவட்ட உடைமரக் காடு (உடை என்பது குடைபோல் விரியும் முள்மரம்).

ஒரு வறண்ட நிலத்தை முழுசாகப் படியுங்கள். எந்தக் கேள்வி வந்தாலும் அங்கிருந்து உதாரணம் எடுங்கள். நான் எடுத்தது தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு. மழைமறைவு, வடகிழக்குப் பருவமழை, கல்லாங்குன்று, வெளிமான் சரணாலயம் (1987, 16.41 ச.கி.மீ.) எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

வகைப்பாட்டியலா? ஓர் உடைமரக் கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக்காம்பின் அடியில் இருபுறமும் ஜோடியாக முள். இலையடிச் செதில் அப்படி மாறியிருக்கிறது. முன்பு அகேசியா எனப்பட்ட அந்தக் கூட்டத்தின் பேரினப் பெயர் இன்று வாச்செல்லியா. 2005 வியன்னா தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்குக் கொடுத்தது, 2011 மெல்போர்னில் அது உறுதியானது. நீலகிரியில் கொண்டுவந்து நட்ட வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரம் இன்னும் அகேசியா. உடை, கருவேல், வெள்வேல் மூன்றும் வாச்செல்லியா. விடையில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதுங்கள்.

சீமைக்கருவேல் பற்றி "நிலத்தடி நீரை உறிஞ்சும்" என்று மட்டும் எழுதும் விடைகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அதன் நெற்று, அதாவது முற்றிய காய், இனிப்பானது. ஆடும் வெளிமானும் தின்கின்றன. விதை சேதமாகாமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கிறது. மரம் அடர்ந்ததும் கீழே புல் குறைகிறது. திறந்தவெளியில் ஓடி வாழும் மானுக்கு இடம் போகிறது. நாம் காக்க நினைக்கும் விலங்கே களையைப் பரப்புகிறது. மதிப்பெண் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

வேளாண்காடு, மேய்ச்சல் பற்றிக் கேள்வி வந்தால் காங்கேயத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தை எழுதுங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல். அதன் நெற்று ஆட்டுக்குத் தீவனம். இவ்வளவு அழகான உதாரணத்தை யாரும் தொடுவதில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மற்றவை:
- நெற்று, மான், விதை, புல்: அம்புக்குறிப் படம் கட்டாயம்.
- முள்காட்டுக்குத் தீர்வாக "மரம் நடுதல்" என்று எழுதவே எழுதாதீர்கள். புல்வெளியை அழிப்பதும் அதுதான்.
- குழுப் படிப்பு எனக்கு ஒத்துவராது. தனியாக நடந்து பார்த்துப் படிப்பவர்களுக்கே இந்த வழி.
- நேர்முகத்துக்கு முன் சொந்த மாவட்டத்து முள்மரங்களின் ஊர்ப்பெயர்களைக் கேட்டு வையுங்கள், ஆடு மேய்ப்பவர்களிடம்.